காப்பி பில்டரில் வடித்த மெழுகு

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்
21 ஏப்ரல் 2025

சம்பந்தியம்மா மாலதி அவர்களுக்கு,

லோகநாயகி எழுதுவது. நீங்கள் சுகமாக இருப்பீர்கள். இங்கே யாரும் சுகமில்லை, அது உங்களுக்கே தெரியும்.

இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் பேச எனக்கு இனி நம்பிக்கை இல்லை. வியாழக்கிழமை நாம் இரண்டு பேரும் பேசியதை உங்கள் மகன் அருண்பாண்டியன் பதிவு செய்து, முன்னேயும் பின்னேயும் வெட்டி, சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். அதில் நான் கத்துவது மட்டும்தான் இருக்கிறது. "உங்க பொண்ணு எங் காப்பி பில்டர நாசம் பண்ணிட்டா" என்று நீங்கள் ஆரம்பித்தது இல்லை. ரேஷன் கடையில் இருபது வருடம் நின்ற வாய் இது, குரல் பெரியதுதான். அதற்காகப் பண்ருட்டியில் இருக்கிற என் ஓரகத்தி வரைக்கும் அது கேட்க வேண்டியதில்லை. காகிதத்தை வெட்டினால் வெட்டியது தெரியும். அதனால்தான் காகிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். வருடப்பிறப்பன்று காலையில், நான் பச்சடிக்கு மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, கனிமொழி தனியாக வந்து நின்றாள். இடது கையில் ஈரத்துணி சுற்றியிருந்தது. பிரித்தால் தோலோடு தோலாக மெழுகு ஒட்டியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் அதை எடுத்தபோது அவள் கத்தவில்லை, நான்தான் கத்தினேன். "எப்பிடிடி ஆச்சு?" என்றால், "மெழுகு வடிகட்டறப்ப கொட்டிக்கினேம்மா" என்கிறாள்.

என் வீட்டுக்காரர் பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புகளில் தேன் பெட்டி வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். கனிமொழி அந்தப் பழைய தேனடையை உருக்கி, வடிகட்டி, பித்தவெடிப்புக்குக் களிம்பு செய்து லேடீஸ் ஹாஸ்டல்களில் விற்கிறாள். உங்கள் வீட்டுக்கு வந்த நாளாக அதே அடுப்பில், அதே கையால்தான் செய்கிறாள். ஒருநாள்கூட ஒரு சொட்டு மேலே பட்டதில்லை.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான். என் மகள் கையில் மெழுகு எப்படிக் கொட்டியது? நீங்கள் வீட்டில் இருந்தீர்கள். பார்த்ததை எழுதுங்கள்.

பதிலுக்குக் காத்திருக்கும்
லோகநாயகி

*

சிதம்பரம்
28 ஏப்ரல் 2025

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

மாலதியின் வணக்கம். நடராஜர் புண்ணியத்தில் நானும் தம்பி அருண்பாண்டியனும் நலம். சம்பந்தியும் நீங்களும் நலமாக இருக்க வேண்டும். கனிமொழிக்குக் கை தேவலையா? மஞ்சள் ஏதும் பூசிவிடாதீர்கள், தழும்பு கறுத்துப் போகும்.

உங்களுக்கு மட்டும்தான் எழுத வரும் என்று நினைக்காதீர்கள். என் தரப்பையும் கேளுங்கள். என் காப்பி பில்டரில் விளிம்பு வரைக்கும் மெழுகு நிறைந்து கல்லாக இறுகிக் கிடக்கிறது. அடியில் ஒரு ஓட்டைகூட வெளியே தெரியவில்லை. சிங்க் குழாய் அடைத்துக்கொண்டு பிளம்பர் இரண்டு தடவை வந்து போனார். என் மூக்குக் கண்ணாடியில் மெழுகு தெறித்து, சுரண்டப் போய் இரண்டு வில்லையும் கீறிவிட்டது. புடவைக்கு ஃபால்ஸ் தைக்கிறவள் நான். ஒரு வாரம் ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நடந்தது இதுதான். அவள் அடுப்பிலிருந்து சட்டியை எடுத்துப் பில்டரில் ஊற்றினாள். கை நழுவியது. கொட்டிக்கொண்டாள். தம்பி அப்போதுதான் ஷிப்ட் முடிந்து சிப்காட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தான். நாள் முழுக்க உழைத்துவிட்டு வருகிறவனுக்கு அடுப்பில் ஒரு வாய் காப்பி இருக்க வேண்டுமா, செத்த ஈயும் தேனடையும் கொதிக்க வேண்டுமா? அவன் ரெண்டு வார்த்தை சத்தம் போட்டான். எந்த வீட்டில்தான் சத்தம் இல்லை? அதற்கு விடிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிப் போவதா? தெருவில் கேட்கிறவர்களுக்கு நான் என்ன சொல்வேன்?

சம்பந்தியிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு
மாலதி

*

கடலூர்
3 மே 2025

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் நல விசாரிப்புக்கு நன்றி. மஞ்சள் பூசவில்லை. அந்தக் கையில் எதையும் பூச முடியாது, அப்படி இருக்கிறது. அவளுக்குத் தலை பின்னிக்கொள்ள வரவில்லை, நான்தான் பின்னிவிடுகிறேன்.

முதலில் உங்கள் பில்டர். இட்லிப் பானையில் கவிழ்த்து வைத்து ஆவி காட்டுங்கள். மெழுகு முழுக்க உருகிக் கீழே இறங்கிவிடும். சூட்டோடு பழைய பேப்பரால் துடைத்தால் போதும். அதற்காக ஊரைக் கூட்ட வேண்டாம்.

ஆனால் ஒன்று எனக்குப் புரியவில்லை. காப்பி பில்டரில் மெழுகு ஊற்ற என் மகளுக்குப் பைத்தியமா பிடித்திருக்கிறது? பொடிப்பொடி ஓட்டை, சில்லென்ற எவர்சில்வர். ஊற்றின உடனே அடியில் உறைந்து அடைத்துக்கொள்ளும். இது அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் எப்போதும் அவள் அப்பாவின் பழைய வேட்டித் துணியில்தான் வடிகட்டுவாள். அன்றைக்கு மட்டும் பில்டர் எப்படி வந்தது? "பில்டர யாருடி எடுத்துக் குடுத்தா?" என்று கேட்டேன். தட்டில் போட்ட சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

இன்னொன்று. உங்கள் மகன் சொந்தக்காரர்களிடம் என்ன சொல்லிக்கொண்டு திரிகிறார் தெரியுமா? கனிமொழி தன் கையில் தானே மெழுகை ஊற்றிக்கொண்டு வீட்டைப் பயமுறுத்துகிறாளாம். புத்தி சரியில்லையாம். என் நாத்தனார் வீடு தேடி வந்து, "டாக்டருகிட்ட காட்டுங்க அண்ணி" என்கிறாள். எந்த டாக்டர் என்று கேட்டேன், தன் தலையைத் தொட்டுக் காட்டினாள். நீங்கள் கை நழுவியது என்கிறீர்கள், உங்கள் மகன் அவளே ஊற்றிக்கொண்டாள் என்கிறார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரே பொய்யையாவது சொல்லக் கூடாதா?

மறுபடியும் கேட்கிறேன். எப்படிக் கொட்டியது?

லோகநாயகி

*

சிதம்பரம்
16 மே 2025

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். உடனே எழுத முடியவில்லை. பிரஷர் ஏறிவிட்டது, டாக்டர் மாத்திரையை மாற்றியிருக்கிறார். நீங்கள் எல்லாரும் சுகம்தானே.

"பொய்" என்று எழுதியிருக்கிறீர்கள். வயதில் உங்களைவிட மூத்தவள் என்பதற்காவது அந்த வார்த்தையை விட்டிருக்கலாம். சரி, பில்டரை நான்தான் எடுத்துக் கொடுத்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வேட்டித் துணி நனைந்து கொடியில் தொங்கியது, அவளுக்கோ அவசரம், ஹாஸ்டலில் கேட்டிருந்தார்கள். "துணி இல்லன்னா இன்னா, பில்டர் இருக்குது, அதுல வடிச்சிக்க" என்றேன். அவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள். நான்தான் கேட்கவில்லை. ஒத்தாசை செய்வது குற்றமா?

என் மகன் அவளைத் தொடவில்லை. விரல்கூட அவள்மேல் படவில்லை. கோயிலுக்கு வரச் சொல்லுங்கள், சூடம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன். அவன் வெளியில் பேசுவதை நான் கண்டித்துவிட்டேன். கண்டித்தேன் என்றால், சொல்லிப் பார்த்தேன். இப்போதெல்லாம் வீட்டில் அவன் அதிகம் பேசுவதில்லை. நானும் அவன் வரும் நேரத்துக்கு ஃபால்ஸ் வேலையைக் காரணம் சொல்லிக் கடைப்பக்கம் போய்விடுகிறேன்.

ஆனி பிறந்து ஒரு நல்ல நாள் பார்த்து அவளை அனுப்பி வையுங்கள். ஆடியில் அனுப்ப முடியாது. நடந்ததைக் கிளறாமல் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும்.

இப்படிக்கு
மாலதி

*

கடலூர்
25 மே 2025

சம்பந்தியம்மாவுக்கு,

சுகம் கேட்டிருந்தீர்கள். உங்கள் பிரஷர் குறைய வேண்டும் என்று நானும் நினைக்கிறேன், ஏனென்றால் உங்களிடம் எனக்கு இன்னும் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நானே மெழுகு வடிகட்டிப் பார்த்தேன். இவர் தோப்பிலிருந்து ஒரு சாக்குப் பழைய அடை கொண்டுவந்தார். "உனக்கு எதுக்குடி இந்த வேல?" என்றார். பேசாமல் துணியைப் பிடியுங்கள் என்றேன். அடையை வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டி, தண்ணீர் நிறைந்த சட்டியில் அமுக்கி, மேலே அம்மிக் குழவியை வைத்தேன். தண்ணீர் தளதளவென்று கொதிக்கக் கூடாது, சும்மா ஆவி வர வேண்டும். கொதித்தால் மெழுகு நுரைத்துச் சோப்புத் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். நேரம் போகப் போக மெழுகு துணி வழியே கசிந்து மேலே மிதந்தது. செத்த ஈ, கூட்டுப்புழுத் தோல், சக்கை எல்லாம் மூட்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. ஆறவைத்து எடுத்தால் மஞ்சளாக ஒரு தட்டு. அடியில் ஒட்டிய கசடைக் கத்தியால் சுரண்டிவிட்டு, மறுபடி கைப்பிடிச் சட்டியில் போட்டு வெந்நீருக்குள் வைத்து உருக்கி, இன்னொரு துணியில் ஊற்றினேன். கனிமொழி கதவோரம் நின்று பார்த்தாளே தவிர, கிட்டே வரவில்லை.

அதற்குப் பிறகு, அதே சட்டியில் பச்சைத் தண்ணீரை எடுத்துக்கொண்டு, வேண்டுமென்றே கையை நழுவவிட்டுப் பார்த்தேன். திரும்பத் திரும்ப. இவர் என்னைப் பார்த்த பார்வையில் டாக்டருக்குச் சொல்லி அனுப்புவாரோ என்றிருந்தது. எப்படி நழுவினாலும் தண்ணீர் இடது கையின் விரலில் விழுகிறது, உள்ளங்கையில் விழுகிறது, வயிற்றில் விழுகிறது, காலில் விழுகிறது. முழங்கைக்குப் போகவே போகாது.

கனிமொழியின் விரலில் ஒரு சொட்டு இல்லை. உள்ளங்கை சுத்தம். கால் சுத்தம். வெந்தது முழுக்கக் கையின் வெளிப்பக்கம், மணிக்கட்டிலிருந்து முழங்கை தாண்டி. மேலிருந்து விழுந்தால் அப்படி வேகாது. எதிரிலிருந்து வந்தால்தான் வேகும். அதை யாரோ வீசியிருக்கிறார்கள். நான் வீசவில்லை, இவர் வீசவில்லை.

உங்கள் கண்ணாடி விஷயமும் இருக்கிறது. மேடையில் வைத்த பில்டரில் ஊற்றும்போது நழுவிய மெழுகு உங்கள் மூக்குக்கு எப்படி ஏறியது? நீங்கள் அப்போது எங்கே நின்றுகொண்டிருந்தீர்கள்?

லோகநாயகி

*

சிதம்பரம்
9 ஜூன் 2025

அத்தைக்கு,

அருண்பாண்டியன் எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம்.

அம்மாவுக்கு வந்த கடிதத்தை நான்தான் பிரித்துப் படித்தேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. இனிமேல் அவுங்களுக்கு எதுவும் எழுத வேண்டாம். ரேஷன் கடையில் பாமாயில் கொடுக்கிற வேலையைப் பாருங்கள், போலீஸ் வேலை உங்களுக்கு வேண்டாம்.

நான் உங்கள் பெண்ணைத் தொட்டதில்லை. அவளையே கேளுங்கள், அவளே சொல்லுவாள். கட்டிக்கொண்டவளைக் களிம்பு டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஹாஸ்டல் ஹாஸ்டலாகச் சுற்ற விட்டதுதான் நான் செய்த தப்பு.

ஆனி முடிவதற்குள் அவள் இங்கே வர வேண்டும். இல்லையென்றால் வக்கீல் நோட்டீஸ் வரும். புத்தி சரியில்லாமல் தன் கையைச் சுட்டுக்கொண்டு வீட்டை விட்டு ஓடினாள் என்று சொல்ல என்னிடம் சாட்சி இருக்கிறது. என் அம்மாதான் சாட்சி.

மாமாவை விசாரித்ததாகச் சொல்லவும்.

அருண்பாண்டியன்

*

கடலூர்
17 ஜூன் 2025

சம்பந்தியம்மாவுக்கு,

இந்தக் கடிதம் உங்கள் வீட்டுக்கு வராது. நீங்கள் ஃபால்ஸ் தைத்துக் கொடுக்கிற மேல வீதி ஜாக்கெட் கடை ஆரோக்கியராஜ் அண்ணன் பெயருக்கு அனுப்புகிறேன். தைக்கிற புடவைக்குள் வைத்து உங்கள் கையில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். உங்களுக்கு வரும் கடிதத்தை நீங்கள் திருட்டுத்தனமாகப் படிக்க வேண்டியிருக்கிறது. இது என்ன பிழைப்பு என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

உங்கள் மகன் எழுதியதைக் கனிமொழிக்குப் படித்துக் காட்டினேன். "நான் தொட்டதில்லை" என்ற இடத்தில், "அது நெசந்தாம்மா" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த டம்ளரை வாசலில் எறிந்துவிட்டேன். பிறகு அவளை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனேன். "நீ ஒண்ணும் சொல்ல வேணாம். எங்க நின்ன, எப்பிடி நின்ன, அத மட்டும் காட்டு" என்றேன். சிங்க் பக்கம் போய் நின்றாள். நான் எதிரில் நின்று காலிச் சட்டியைத் தூக்கி வீசுவது மாதிரி ஓங்கினேன். யோசிக்கவே இல்லை அவள். இடது கை தானாக வந்தது. தன் முகத்துக்கு முன்னால் வரவில்லை. பக்கவாட்டில் நீண்டது. பஸ் சட்டென்று பிரேக் போட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை விழாமல் குறுக்கே கையைக் கொடுப்போமே, அப்படி. அங்கே யாருமே நிற்கவில்லை, வெறும் சுவர்தான் இருந்தது. கையைத் தூக்கியதை அவளே அப்புறம்தான் பார்த்தாள். பார்த்துவிட்டு உட்கார்ந்து அழுதாள். வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அழுதாள்.

உங்கள் அடுப்படியில் இருந்தது மூன்று பேர். வீசியவர் ஒருத்தர். குறுக்கே கை கொடுத்தவள் என் மகள். அந்தக் கைக்குப் பின்னால் நின்றது யார்?

நீங்கள்தான். உங்கள் பிள்ளை கொதிக்கிற மெழுகை வீசியது உங்கள் முகத்தில். கண்ணாடி வில்லையில் தெறித்தது போக மிச்சம் எல்லாவற்றையும் வாங்கியது என் மகள் கை. அந்தக் கை இல்லாமல் இருந்தால் இன்றைக்கு இதைப் படிக்க உங்களுக்குக் கண் இருந்திருக்காது. அவளைப் போய்க் கை நழுவிக் கொட்டிக்கொண்டாள் என்று எழுதினீர்கள். பில்டருக்குக் கணக்குக் கேட்டீர்கள். சூடம் அணைக்கிறேன் என்றீர்கள். தூ!

கனிமொழியும் எழுதியிருக்கிறாள். அதே கவரில் வைத்திருக்கிறேன். நான் படிக்கவில்லை.

லோகநாயகி

*

கடலூர்
17 ஜூன் 2025

அத்தைக்கு,

சுகமா என்று கேட்க வேண்டும், கேட்கிறேன். புது மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிறீர்களா? பின்னால் போட்டால் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அம்மா ஓங்கியதும் கை தானாக எழுந்துவிட்டது. அன்றைக்கு நீங்கள் என் காலைப் பிடித்துக்கொண்டு, "பெத்த புள்ளயே மூஞ்சில எறிஞ்சான்னு வெளிய தெரிஞ்சா நான் உசுரோட இருக்க மாட்டேன்டி" என்றீர்கள். அதற்காகத்தான் ஒத்துக்கொண்டேன். சொல்ல மாட்டேன் என்றுதான் ஒத்துக்கொண்டேன் அத்தை. நீங்கள் என்மேல் பழி போடலாம் என்று ஒத்துக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் மெழுகை உரிக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். வாயைத் திறந்தால் உங்கள் பெயர் வந்துவிடும் என்று பயம். அதே மாதம் நீங்கள் பில்டர் போச்சு, குழாய் போச்சு என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா அதைப் படித்துக் காட்டும்போது எனக்குக் கை வலிக்கவில்லை, வேறு எங்கேயோ வலித்தது.

அவர் என்னைப் பைத்தியம் என்று சொல்லட்டும், அவர் அப்படித்தான். நீங்கள் அதற்குச் சாட்சி சொல்லப் போகிறீர்களா? அன்றைக்குக் குறுக்கே கை கொடுத்ததற்கு நான் வருத்தப்படவில்லை. மறுபடி ஒருநாள் அப்படி நடந்தால் கொடுப்பேனா என்று கேட்டுப் பார்த்தேன். தெரியவில்லை. எனக்குத் தெரியாமல் போகும்படி செய்துவிட்டீர்களே, அதுதான் எனக்குக் கோபம்.

கனிமொழி

*

கடலூர்
22 ஜூலை 2025

சம்பந்தியம்மாவுக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. உங்களிடமிருந்து ஒரு வரி வரவில்லை. கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டதாக ஆரோக்கியராஜ் அண்ணன் சொல்கிறார். வாங்கிப் படித்துவிட்டு, அடுத்த புடவையை மடித்துக்கொண்டு போனீர்களாம். ஆனித் தேர் கூட்டத்தில் என் தம்பி உங்களைப் பார்த்திருக்கிறான். கூப்பிட்டானாம், காதில் விழாத மாதிரி நடந்தீர்களாம்.

நோட்டீஸ் வந்துவிட்டது. அதில் உங்கள் பெயர் முதல் சாட்சியாக இருக்கிறது. இவர் அதைப் படித்துவிட்டுத் தோப்புக்குப் போனவர் பொழுது சாயும் வரை வரவில்லை. கனிமொழி நோட்டீஸை வாங்கி உங்கள் பெயர் இருந்த இடத்தை மட்டும் பார்த்தாள்.

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு மனசே இல்லை. கனிமொழிதான் கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

லோகநாயகி

*

சிதம்பரம்
4 ஆகஸ்ட் 2025

அண்ணி லோகநாயகிக்கு,

பிள்ளைகள் கல்யாணத்துக்கு முன்னால் உங்களை அண்ணி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். மறுபடி அப்படிக் கூப்பிட எனக்கு வாயில்லை, எழுதத்தான் எழுதுகிறேன். உடம்பு இருக்கிறது. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால்தான் போடுகிறேன் என்று அவளிடம் சொல்லுங்கள்.

நான் இப்போது வீட்டில் இல்லை. ஆரோக்கியராஜ் கடை மாடியில், அவர் சம்சாரத்தோடு இருக்கிறேன். நடந்ததை நீங்கள் பாதிக்கு மேல் கண்டுபிடித்துவிட்டீர்கள். உங்கள்மேல் எனக்கு எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? பார்க்காதவள் பார்த்தது மாதிரி எழுதுகிறாளே, பார்த்தவள் நான் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேனே என்று. மிச்சத்தை நான் எழுதுகிறேன்.

அவன் ஷிப்ட் முடிந்து வந்து காப்பி கேட்டான். பில்டரைத் திறந்து பார்த்தான். "யாரு குடுத்தது இத?" என்றான். கனிமொழி, "நாந்தான் எடுத்தேன்" என்றாள். எனக்காகச் சொன்னாள். எனக்குப் பொறுக்கவில்லை. "இல்லடா, நாந்தான்டா குடுத்தேன், வேற பில்டர் வாங்கினா போச்சு" என்றேன். "ஒனக்கு அவ ஜாஸ்தியா, நான் ஜாஸ்தியா?" என்றான். அடுத்த ஈடு மெழுகு அடுப்பில் உருகிக்கொண்டிருந்தது. கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினான். நான் ஒதுங்கவில்லை அண்ணி. அவன் எறிவான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. "அத்த, நவுருங்க" என்று சத்தம் கேட்டது. அதற்குள் அவள் குறுக்கே வந்துவிட்டாள்.

அக்கம்பக்கம் வருவதற்குள் தரையில் கிடந்ததைக் கொதிக்கிற தண்ணீர் விட்டுத் துடைத்து சிங்க்கில் ஊற்றியது நான். குழாய் அடைத்தது அதனால்தான். நான் பெற்ற பிள்ளையே எறிந்தான் என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. பில்டர், குழாய், கண்ணாடி என்று பேசிக்கொண்டே இருந்தால் அது நடக்காமல் போய்விடும் என்று இருந்தது. அப்படிப் பேசிப் பேசி அவள்மேல் எனக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. இதைவிடக் கேவலமாக என்னைப் பற்றி உங்களாலும் எழுத முடியாது.

போன வாரம் அவன் டைப் அடித்த காகிதம் ஒன்றைக் கொண்டுவந்து கையெழுத்துப் போடச் சொன்னான். கனிமொழி புத்தி பேதலித்துத் தன் கையில் தானே மெழுகை ஊற்றிக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தேன் என்று அதில் இருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே போனேன். பீரோவில் இரண்டு புடவையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வந்துவிட்டேன். தெருக்கோடியில் நின்றபோது எனக்குப் பயமே இல்லை. அப்படி ஒரு ஆத்திரம் எனக்கு ஆயுசில் வந்ததில்லை.

இன்று காலையில் மகளிர் காவல் நிலையத்துக்குப் போனேன். என் பெயரில், என் மகன் மேல் புகார் கொடுத்தேன். கனிமொழியிடம் வாக்குமூலம் வாங்கக் கூப்பிடுவார்கள், வரச் சொல்லுங்கள். என்னைப் பார்க்க இஷ்டமில்லை என்றால் பார்க்க வேண்டாம். என்மேல் உங்களுக்குள்ள கோபத்தைக் கொஞ்சமும் விட வேண்டாம், நானும் விடச் சொல்லிக் கேட்கப் போவதில்லை.

அங்கே இருந்த போலீஸ் அம்மா வயதில் சின்னவர்தான். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்தவர், பேனாவை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்க மேல எறிஞ்சாருன்னு சொல்றீங்க. காயம் எங்கம்மா?" என்று கேட்டார்.

"எனக்குப் பட வேண்டியதுங்க. கடலூர்ல எம் மருமவ கையில இருக்குது" என்றேன்.

மாலதி